கேபின் ஜன்னல்: எலுமிச்சம்பழம் விழுந்த நேரம்

போன மாதம் ஒரு பதிலுக்கு நடுவில், 2013 ஏப்ரலில் பாங்காக் தியேட்டர் ஒன்றில் பேய்ப் படம் பார்த்ததாக இரண்டு வரி எழுதியிருந்தேன். அந்த இரண்டு வரியைப் பற்றித்தான் இந்த மாதம் பாதிக் கடிதங்கள். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைத்துவிட்டு, இதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: மொழி தெரியாத ஊரில் பேய்ப் படம் பார்த்ததாக எழுதியிருந்தீர்கள். அது என்ன படம்? புரியாத படத்துக்கு எப்படிப் பயம் வரும்?
வாசகி, காரைக்குடி

பதில்: என் மகளுக்கு அப்போது ஏழாம் மாதம். பிரசவம் பார்க்க நானும் என் மனைவியும் பாங்காக் போயிருந்தோம். ஏப்ரல் மாதம் அங்கே நல்ல வெயில் காலம். பகலெல்லாம் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தோம். நான் முப்பது வருஷம் தியேட்டரில் ஆப்ரேட்டராக இருந்தவன் என்பதால், மாப்பிள்ளை ஒருநாள் சாயங்காலம், "மாமா, ஆபீஸ்ல எல்லாரும் ஒரு படத்தைப் பத்தியே பேசிக்கிட்டு இருக்காங்க, போயிட்டு வருவோம்" என்றார். மகளால் அவ்வளவு நேரம் உட்கார முடியாது. பக்கத்து வீட்டுத் தமிழ்ப் பெண்ணைத் துணைக்கு வைத்துவிட்டு நாங்கள் மூன்று பேரும் போனோம்.

படத்தின் பெயர் 'பி மாக்'. 'பி' என்றால் தாய்லாந்து மொழியில் அண்ணன். மனைவி கணவனைக் கூப்பிடுவதும் அப்படித்தான். நம் பழைய படங்களில் 'அத்தான்' என்று கூப்பிடுவார்களே, அந்த இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பேய்க்கும் அந்த மொழியில் 'பி' என்றுதான் சொல்கிறார்கள். சொல்லும்போது ராகம்தான் வேறு. நம் காதுக்கு இரண்டும் ஒன்றாகவே விழும்.

கதை இதுதான். சண்டைக்குப் போன கணவன், நான்கு நண்பர்களோடு ஊர் திரும்புகிறான். கால்வாய் ஓரத்து வீட்டில் மனைவி நாக் கைக்குழந்தையோடு காத்திருக்கிறாள். ஊர்க்காரர்கள் அந்தப் பக்கமே வருவதில்லை. ஏன்? இதுதான் படத்தின் முடிச்சு.

எனக்கு அது முடிச்சு. அந்தத் தியேட்டரில் இருந்த மற்றவர்களுக்கு அது முடிச்சே இல்லை என்பது பாதிப் படத்தில்தான் எனக்கு உறைத்தது. அவர்கள் பிறந்ததிலிருந்து கேட்ட கதை அது. பாங்காக்கின் பிரகனோங் பகுதியில் நடந்ததாகச் சொல்லப்படும் 'மே நாக்' கதை. கணவன் சண்டைக்குப் போயிருந்தபோது பிரசவத்தில் தாயும் பிள்ளையும் இறந்துபோகிறார்கள். அவன் திரும்பி வந்து, விஷயம் தெரியாமல் அவர்களோடு குடும்பம் நடத்துகிறான். இந்தக் கதையை வைத்து அங்கே பல படங்கள் வந்துவிட்டன. 1999-இல் வந்த 'நாங் நாக்' பெரிய வெற்றி. நான் பார்த்த படம் அதையும் தாண்டி, தாய்லாந்துப் படம் ஒன்று அதுவரை பார்க்காத வசூலைப் பார்த்தது.

அந்தக் கதையில் ஒரு எலுமிச்சம்பழம் வரும். வீடு கால் நட்டுக் கட்டிய மர வீடு. தரை முழுக்கப் பலகை, பலகைக்கு நடுவே இடுக்கு. சமைத்துக்கொண்டிருக்கும் நாக்கின் கையிலிருந்து பழம் நழுவி, இடுக்கு வழியாகக் கீழே மண்ணில் விழுந்துவிடும். அவள் எழுந்திருக்கமாட்டாள். படியிறங்கிப் போகமாட்டாள். உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை நீட்டுவாள். அந்தக் கை நீண்டு, நீண்டு, தரைக்குக் கீழே போய்ப் பழத்தை எடுத்துக்கொண்டு திரும்பும்.

பழம் விழுந்ததும் அரங்கம் முழுவதும் ஒரே மூச்சாக உள்ளிழுத்தது. முன் வரிசையில் ஒரு பெண் ஸ்வெட்டரை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எலுமிச்சம்பழம்தானே விழுந்தது? இத்தனை பேரும் எதைப் பார்த்துப் பயப்படுகிறார்கள் என்று நினைத்தபோதுதான் என் முதுகு சில்லிட்டது. எனக்குப் பயம் வந்தது திரையிலிருந்து இல்லை, முன்வரிசையில் ஒடுங்கிய தோள்களிலிருந்து. கை நீண்டது அதற்கு அப்புறம்தான்.

முடிவு தெரியாமல் இருந்தால்தான் திகில் என்று நானும் அதுவரை நினைத்திருந்தேன். ஆனால் நம் ஊரில் நல்லதங்காள் கூத்து பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. அவள் ஏழு பிள்ளைகளோடு கிணற்றுப் பக்கம் திரும்பும்போதே பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொள்வார்கள். என்ன நடக்கப்போகிறது என்று எல்லோருக்கும் தெரியும். தெரிவதால்தான் தாங்க முடிவதில்லை. ஒரு ஊரே சேர்ந்து தெரிந்துவைத்திருக்கும் கதையை, தெரியாத ஒருவனாக நடுவில் உட்கார்ந்து பார்க்கும் அனுபவம் எனக்கு அந்த ஒரு தடவைதான் கிடைத்தது. படத்தில் சிரிப்புக் காட்சிகளும் நிறைய. நம் 'காஞ்சனா' மாதிரி சிரிப்பும் பயமும் மாறி மாறி வரும். இந்தப் படத்தின் முடிவு பழைய கதையின் முடிவு இல்லை. அதை நான் சொல்லமாட்டேன்.

கேள்வி: வெளிநாட்டுத் தியேட்டர்களில் இடைவேளை கிடையாது என்கிறார்களே, உண்மையா? பேய்ப் படத்துக்கு நடுவில் வெளியே போய் மூச்சு வாங்காமல் எப்படிப் பார்ப்பது?
கல்லூரி மாணவர், நாகர்கோவில்

பதில்: பாங்காக்கில் கிடையாது. விளம்பரமும் டிரெய்லரும் முடிந்து படம் ஆரம்பித்தால், முடியும்வரை ஒரே ஓட்டம்தான். நான் பார்த்த படம் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு.

இடைவேளை எங்கள் தொழிலோடு சேர்ந்து வந்தது. 35 எம்.எம். படம் நிமிஷத்துக்கு 90 அடி ஓடும். 2000 அடி ரீல் ஒன்று 22 நிமிஷம் வரும். இரண்டு புரொஜக்டர் இருந்தால் ஒன்று முடியும்போது மற்றதற்கு மாற்றிக்கொள்ளலாம், ஆட்களுக்குத் தெரியாது. டூரிங் டாக்கீஸில் ஒரே புரொஜக்டர்தான். அதனால் ஒரு படத்துக்கு மூன்று இடைவேளைகூட விடுவோம். முறுக்கும் சோடாவும் விற்பவர்கள் அதை நம்பித்தான் இருந்தார்கள். அப்புறம் கதை எழுதுபவர்களே இடைவேளையை மனதில் வைத்து எழுத ஆரம்பித்தார்கள். நம் படங்களில் பேய் முழுதாக முகம் காட்டுவது பெரும்பாலும் இடைவேளைக்கு முந்தின நிமிஷம்தான், கவனித்துப் பாருங்கள்.

இடைவேளை இருக்கும் படத்தில் பயத்துக்கு ஒரு கரை உண்டு. விளக்கு எரிந்ததும் பக்கத்தில் இருப்பவர் முகம் தெரியும், "என்னடா இப்படிக் கத்துற" என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளலாம். பாங்காக்கில் அந்த வெளிச்சம் வரவே இல்லை. ஒரு மணி நேரம் கடந்ததும் என் உடம்பு பழக்கத்தில் அதை எதிர்பார்த்தது. கை தானாகவே நாற்காலிப் பிடியை விட்டுவிட்டு எழத் தயாரானது. படம் நிற்கவில்லை. அந்த இடத்திலிருந்து முடிவுவரை, இறக்கி வைக்காத சுமை மாதிரி இருந்தது பயம். திகில் படத்துக்கு இதுதான் சரியான முறை என்பது என் அபிப்பிராயம். இடைவேளையிலேயே வாழ்ந்தவன் சொல்கிறேன்.

கேள்வி: அடுத்த மாதம் நான், மனைவி, பதினாறு வயது மகன் மூவரும் பாங்காக் போகிறோம். அங்கே தியேட்டரில் படம் பார்க்க என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்?
வாசகர், அம்பத்தூர்

பதில்: முதலில் மொழி. டிக்கெட் வாங்கும் இடத்தில் ஒவ்வொரு காட்சிக்கும் பேச்சு எந்த மொழி, சப்டைட்டில் எந்த மொழி என்று போட்டிருப்பார்கள். தாய்லாந்துப் படமானால் ஆங்கில சப்டைட்டில் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். ஆங்கிலப் படத்தைத் தாய்லாந்து மொழியில் டப் செய்து ஓட்டும் காட்சிகளும் உண்டு, மாற்றி வாங்கிவிட்டால் சிரமம்.

படத்துக்கு முன்னால் அரசருக்கான வாழ்த்துப் பாட்டு ஒலிக்கும். நாங்கள் போனபோது அரங்கமே எழுந்து நின்றது, பாப்கார்ன் டப்பாவைக்கூட எல்லோரும் கீழே வைத்துவிட்டார்கள். விருந்தாளியாகப் போகும் நாமும் எழுந்து நிற்பதுதான் மரியாதை.

மகனைப் பற்றி: 2009-லிருந்து அங்கே வயதுக் குறியீடு இருக்கிறது. 13, 15, 18 என்று போட்டிருப்பது பெற்றோருக்கான வழிகாட்டுதல். 20 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அனுமதியில்லை என்று குறியிட்ட படத்துக்கு மட்டும் கண்டிப்பாக விடமாட்டார்கள், வயதுச் சான்று கேட்பார்கள். ஆகவே பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும்.

எங்கே உட்காருவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். சப்டைட்டில் படிக்கும் கண் திரையின் அடியிலேயே இருக்கும். பேய் வருவதோ மேல் மூலையில், ஜன்னலில், கதவிடுக்கில். முன்னால் உட்கார்ந்தால் இரண்டையும் ஒரே பார்வையில் பிடிக்க முடியாது. அரங்கத்தின் கடைசி மூன்றில் ஒரு பங்கில் நடு இருக்கையாகப் பாருங்கள். வரி வந்ததும் ஒரு பார்வையில் படித்துவிட்டுக் கண்ணை மேலே கொண்டுபோய்விடுங்கள். நடிகர் சொல்லி முடிப்பதற்குள் வரி முழுதாகத் திரையில் வந்துவிடுவதால் சில ரகசியங்கள் அரை நொடி முன்னதாகவே உடையும். அதற்கு ஒன்றும் செய்வதற்கில்லை.

ஏ.சி. கடுமையாக இருக்கும், சால்வை எடுத்துப்போங்கள். ராத்திரிக் காட்சியானால் மேம்பால ரயில் நள்ளிரவையொட்டி நின்றுவிடும், நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பேய்ப் படத்தில் நம்மைத் தூக்கிப்போடுவது சத்தம்தானே? ஆப்ரேட்டராக உங்கள் கருத்து?
வாசகர், திருப்பூர்

பதில்: சத்தம் இல்லை, சத்தத்துக்கு முன்னால் வரும் நிசப்தம். டால்பி ப்ராசஸர் பெட்டியில் ஒலி அளவுக்கு ஒரு எண் ஓடும். 7-இல் வைத்தால், ஒலி சேர்த்தவர் ஸ்டுடியோவில் கேட்ட அதே அளவு. பேய்ப் படம் வந்தால் எங்கள் முதலாளி, "கூட்டி வை, ஜனம் அலறணும்" என்பார். கூட்டினால் அலறல் பெரிதாகும், உண்மைதான். ஆனால் கூடவே நிசப்தமும் இரைச்சலாகிவிடும். காற்று, பூச்சிச் சத்தம், காலடி எல்லாம் பெரிதாகக் கேட்டால், அடுத்து வரும் அடி அவ்வளவு பெரிதாகத் தெரியாது. 1996-இல் 'கருப்பு ரோஜா' டி.டி.எஸ். ஒலியோடு வந்தபோது இதை நேரில் பார்த்தேன். அளவைக் குறைத்து வைத்த காட்சியில்தான் பெஞ்சு டிக்கெட்காரர்கள் அதிகமாகத் துள்ளினார்கள்.

பாங்காக்கில் அன்று ஒரு கட்டத்தில் எல்லா ஸ்பீக்கரும் ஓய்ந்துவிட்டன. ஏ.சி.யின் உறுமல் கேட்டது. பின்வரிசையில் யாரோ எச்சில் விழுங்கியது கேட்டது. அந்த அளவுக்கு அரங்கத்தை அடக்கிவைத்த அந்த ஆப்ரேட்டரைப் பார்த்துக் கைகொடுக்க வேண்டும் என்று நினைத்தேன். இப்போதெல்லாம் கேபினில் ஆளே இருப்பதில்லை என்று மாப்பிள்ளை சொன்னார்.

கேள்வி: தாய்லாந்துப் பேய்ப் படங்கள் தமிழில் வந்திருக்கின்றனவா?
வாசகர், மேலூர்

பதில்: வந்திருக்கின்றன. 2004-இல் வந்த 'ஷட்டர்' தமிழில் 2007-இல் 'சிவி' ஆனது. 2007-இல் வந்த 'அலோன்', பிரியாமணி நடித்து 2012-இல் 'சாருலதா' ஆனது. 'ஷட்டர்' எடுத்த இரண்டு இயக்குநர்களில் ஒருவர்தான் 'பி மாக்' படத்தின் இயக்குநர். 'சிவி'யை நானே ஓட்டியிருக்கிறேன். மூலத்தைப் பார்த்தது அப்புறம்தான்.

கேள்வி: என் அம்மாவுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. வெளிநாடு போகும்போது அவரைத் தியேட்டருக்கு அழைத்துப் போவது வீண் என்கிறார் என் அண்ணன். சரியா?
வாசகி, ஒரத்தநாடு

பதில்: கண்டிப்பாக அழைத்துப் போங்கள். என் மனைவிக்கும் ஆங்கிலம் படிக்கத் தெரியாது. படம் ஆரம்பித்து அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது, என் கையைப் பிடித்துக்கொண்டு காதில் சொன்னாள்: "என்னங்க, அந்தப் பொண்ணு செத்துப்போச்சு."

எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"பச்சைப்புள்ளை இருக்கிற வீடு. எட்டிப் பார்க்க ஒரு பொம்பளையாவது வந்தாளா?"

நான் வரி வரியாகப் படித்துக்கொண்டிருந்தேன், எனக்கு அது படவில்லை. பிள்ளை பெற்ற வீட்டுக்கு ஊர்ப் பெண்கள் வராமல் இருக்கமாட்டார்கள் என்பது அவளுக்கு எந்த மொழியிலும் தெரியும். கொஞ்ச நேரம் கழித்து, "புள்ளைத்தாச்சிப் பொண்ணை வீட்டுல விட்டுட்டு வந்து இதைப் பார்க்கணுமா?" என்று மாப்பிள்ளைக்குக் கேட்காதபடி கேட்டாள். நியாயமான கேள்வி. போய்விடலாமா என்றேன். வேண்டாம் என்றாள். முடியும்வரை என் கையை விடவில்லை. எலுமிச்சம்பழக் காட்சியில் அலறாமல் இருந்த மிகச் சிலரில் அவளும் ஒருத்தி. அழுதுகொண்டிருந்தாள்.

கேள்வி: அந்தப் பேய்க்குக் கோவிலே இருக்கிறது என்று யூடியூபில் பார்த்தேன். நீங்கள் போனீர்களா? பேயைப் போய் யாராவது கும்பிடுவார்களா?
வாசகி, பட்டுக்கோட்டை

பதில்: மறுநாள் காலையில் என் மனைவிதான், "அந்தப் பொண்ணு கோவில் இங்கதான் இருக்காமே, கூட்டிட்டுப் போங்க" என்றாள். மகள் சொல்லியிருக்கிறாள். ஆன் நுட் ரயில் நிலையத்தில் இறங்கி டாக்ஸி பிடித்தோம். வாட் மஹாபுட் என்ற புத்தர் கோவில் வளாகத்தில், பிரகனோங் கால்வாய் ஓரமாக, சின்னக் கூரைக்குக் கீழே நாக் கையில் பிள்ளையோடு உட்கார்ந்திருக்கிறாள். சிலை முழுக்கத் தங்க ரேக்கு ஒட்டியிருக்கிறார்கள். பின்னால் கொடி கட்டி வரிசையாகப் புதுச் சட்டைகள், பட்டு உடைகள். பிள்ளைக்குப் பொம்மை, பால் புட்டி, மோட்டார் கார். எதிரே ஒரு டி.வி. ஓடிக்கொண்டே இருந்தது. அது அவள் பார்ப்பதற்காக.

பிரசவம் நல்லபடியாக நடக்க வேண்டும் என்று பெண்கள் வருகிறார்கள். நாங்கள் போனது பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் சமயம். அங்கே ஒவ்வொரு ஏப்ரலிலும் 21 வயதுப் பையன்கள் சீட்டு எடுக்க வேண்டும். சிவப்புச் சீட்டு வந்தால் பட்டாளம், கறுப்பு வந்தால் வீடு. கறுப்பு வர வேண்டும் என்று அவளிடம் வேண்டிக்கொள்ள வருகிறார்கள். கணவனைப் பட்டாளத்துக்குக் கொடுத்துவிட்டுத் தனியாக வலியெடுத்துச் செத்தவள் அவள், ஆகவே அவளுக்குத் தெரியும் என்பது நம்பிக்கை. மொட்டை வெயிலில் செருப்பைக் கழற்றிவிட்டு மண்டியிட்டிருந்த ஒரு பையனுக்கு மீசைகூடச் சரியாக அரும்பவில்லை. பக்கத்தில் அவன் அம்மா.

பேயை யாராவது கும்பிடுவார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். என் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்கிறேன். என் அம்மாவின் தங்கை, எனக்குச் சின்னம்மா, எட்டாம் மாதத்தில் இறந்துபோனார். நான் பிறப்பதற்கு முன்னால். புதுக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊர்ப் பாதையில் தாத்தா அவருக்காக ஒரு சுமைதாங்கிக் கல் நட்டார். இரண்டு கல்லை நிறுத்தி, மேலே ஒன்றைக் குறுக்காக வைத்தது, நெஞ்சுயரம் வரும். வயிற்றுச் சுமையை இறக்காமல் போனவள், அதனால் வழியில் போகிறவர்கள் தலைச்சுமையையாவது இறக்கிவைத்துப் போகட்டும், அவள் பாரம் குறையும் என்று வைப்பது. விறகுக் கட்டோடு வரும் பெண்கள் அங்கே நின்று இறக்கிவைத்துவிட்டுப் பெருமூச்சு விடுவதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். ராத்திரி செகண்ட் ஷோ முடிந்து சைக்கிளில் வரும்போது அதே கல்லைப் பார்க்கப் பயந்து வேகமாக மிதித்ததும் உண்டு. சின்னம்மாவைப் பார்த்துத்தான் நான் பயந்திருக்கிறேன் என்பது, அந்தக் கோவிலில் நின்றபோதுதான் மனதில் பட்டது. அன்று என்னால் கொஞ்ச நேரம் பேச முடியவில்லை.

என் மனைவி பையிலிருந்து ஒரு டஜன் கண்ணாடி வளையல் எடுத்தாள். மகளுக்கு ஊரில் வளைகாப்பு செய்தபோது மீந்தவை, பச்சையும் சிவப்புமாக. தட்டில் வைத்துவிட்டு, தமிழிலேயே, "உனக்கு யாரும் போட்டிருக்கமாட்டாங்க தாயி" என்றாள். அங்கிருந்த பெரியம்மா ஒருவர் அதை எடுத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, சிலையின் மடியில் வைத்தார். ஜூன் மாதம் பேத்தி பிறந்தாள். நல்லபடியாக.

எங்கள் ஊர்க் கல் இன்னும் இருக்கிறது. சாலையை அகலப்படுத்தும்போது பத்தடி தள்ளி நட்டிருக்கிறார்கள். உங்கள் பட்டுக்கோட்டைப் பக்கமும் இப்படிக் கற்கள் இருக்கக்கூடும். கண்ணில் பட்டால், அது யாருக்காக வைத்த கல் என்று பெரியவர்களிடம் கேட்டு எனக்கு எழுதுங்கள். பெயர் தெரிந்தால் பெயரையும் எழுதுங்கள்.